அந்தப் பக்கம் போய்விட்டு வருகிறேன்

மேற்கு மாம்பலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் வாயில் 'தி. நகர்' என்ற சொல் அதிகம் வராது. எங்கள் வீட்டில் அது எப்போதும் 'அந்தப் பக்கம்' தான். "அந்தப் பக்கம் போய்ட்டு வரேன், ஏதாவது வேணுமா?" என்று அம்மா பையைத் தூக்கிக்கொண்டு கேட்பார். ரவிக்கைத் துணிக்கு மேட்சாக நூல் வேண்டுமா, அந்தப் பக்கம். நோட்டுப் புத்தகம், அந்தப் பக்கம். கல்யாணப் புடவை, அதுவும் அந்தப் பக்கம். இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவில் இருந்தது மாம்பலம் ஸ்டேஷன்.

எனக்கு அது முதலில் ரயில் நிலையமாகவே அறிமுகமாகவில்லை. அது ஒரு பாலம். என் பள்ளிக்கூடம் அந்தப் பக்கம் இருந்ததால், தினமும் காலையில் எங்கள் பக்கத்துப் படிகளில் ஏறி, தண்டவாளங்களுக்கு மேலே நடந்து, ரங்கநாதன் தெருவில் இறங்குவேன். சாயங்காலம் அதே வழியில் திரும்பி வருவேன். ரயிலில் ஏறியது மாதத்துக்கு ஒரு முறை இருந்தால் அதிகம். பாலத்தில் ஏறியது நாளைக்கு இரண்டு முறை. மாம்பலம் ஸ்டேஷனைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுத உட்கார்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது வண்டி இல்லை, அந்தப் படிகள்தான்.

இந்த ஸ்டேஷனின் கதையைத் தொடங்க வேண்டுமானால் ஏரியிலிருந்து தொடங்க வேண்டும். இன்றைக்கு தி. நகர் இருக்கும் இடத்தில் ஒரு பெரிய ஏரி இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்ததால் வெள்ளைக்காரர்கள் அதை 'லாங் டேங்க்' என்று வரைபடங்களில் குறித்தார்கள். கிழக்கே மவுண்ட் ரோடு, மேற்கே மாம்பலம் கிராமம், நடுவில் தண்ணீர். மேற்கு மாம்பலத்தில் இன்றும் 'லேக் வியூ ரோடு' என்று ஒரு தெரு இருக்கிறது. சின்ன வயதில் அந்தப் பெயர் எனக்குப் புரியவே இல்லை. எங்கே லேக், எங்கே வியூ? தெருமுனையில் நின்று பார்த்தால் எதிர் வீட்டு மாடியில் காயும் துணிதான் தெரியும். அது நிஜமாகவே ஏரியைப் பார்த்த தெரு என்று தெரிந்துகொண்டது கல்லூரிக்குப் போன பிறகு. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "நுங்கம்பாக்கத்துல டேங்க் பண்ட் ரோடுன்னு இருக்கே, அது என்னன்னு நினைச்சே?" என்று கேட்டார்.

அந்தத் தண்ணீருக்கு மேற்கே 1870களில் ரயில் வந்தது. தென்னிந்திய ரயில்வே சென்னையிலிருந்து செங்கல்பட்டு, விழுப்புரம் என்று தெற்கே கொண்டுபோன மீட்டர் கேஜ் பாதை அது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே சரியாக ஒரு மீட்டர். சென்ட்ரலிலிருந்து போகும் அகலப் பாதையில் அந்த இடைவெளி 1,676 மில்லிமீட்டர். இந்த வித்தியாசம்தான் நூறு வருஷத்துக்கும் மேலாகச் சென்னையை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது. வடக்கே, மேற்கே போகிறவர்களுக்கு சென்ட்ரல். தெற்கே போகிறவர்களுக்கு எழும்பூர். தூத்துக்குடியிலிருந்து வந்து டெல்லிக்குப் போக வேண்டியவர் எழும்பூரில் இறங்கி, பெட்டி படுக்கையோடு சென்ட்ரலுக்குப் போய் வேறு வண்டி ஏற வேண்டும். ஒரு தண்டவாளத்தில் ஓடும் பெட்டி இன்னொன்றில் ஓடாது.

மாம்பலம் அந்தத் தெற்குப் பாதையின் பிள்ளை. இது எங்கள் வீட்டில் பெருமையாகவே பேசப்பட்ட விஷயம். எங்கள் வாசலில் நின்றால் கேட்கும் அதே தண்டவாளம் மதுரை, மானாமதுரை தாண்டி ராமேஸ்வரம் தீவு வரைக்கும் போகிறது என்று தாத்தா சொல்வார். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் கிளம்பும் போட் மெயில் தனுஷ்கோடி வரை போனது. அங்கே கப்பலேறி தலைமன்னாரில் இறங்கினால் கொழும்புக்கு அடுத்த வண்டி. தாத்தாவின் தம்பி ஒருவர் கொழும்பில் கடையில் கணக்கு எழுதினார். அவர் போகும்போதும் வரும்போதும் எழும்பூருக்குப் போய் வழியனுப்ப வசதியில்லாத என் கொள்ளுப்பாட்டி, மாம்பலத்தில் தண்டவாள ஓரம் நின்று கையசைப்பாராம். வண்டி நிற்காது. அவர் எந்தப் பெட்டியில் இருக்கிறார் என்றும் தெரியாது. எல்லாப் பெட்டிக்கும் கையசைத்துவிட்டு வீட்டுக்கு வருவாராம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது. அதோடு அந்தத் தொடர்பும் அறுந்தது. அந்தச் செய்தி வந்த அன்று தாத்தா வீட்டில் யாரோடும் பேசவில்லை என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

ஏரி போனது அதற்கு முன்பே. 1920களின் தொடக்கத்தில் நகரம் நிறைந்து வழிந்தபோது, நீதிக் கட்சி ஆட்சியில் ஏரியைத் தூர்த்து மனை போட முடிவெடுத்தார்கள். 1923க்கும் 1925க்கும் இடையில் புது ஊர் ஒன்று உருவானது. 1925-ல் காலமான நீதிக் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரை அதற்கு வைத்தார்கள்: தியாகராய நகர், சுருக்கமாக தி. நகர். தெருக்களுக்கும் பூங்காக்களுக்கும் அந்தக் கட்சிக்காரர்கள், அந்தக் காலத்து அதிகாரிகளின் பெயர்கள்: பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, உஸ்மான் சாலை, ஜி.என். செட்டி சாலை, பஸ்லுல்லா சாலை. பிறகு வந்த பாண்டி பஜாரும் சௌந்தரபாண்டியனார் பெயர்தான், புதுச்சேரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நேர்நேரான தெரு, நடுவில் பூங்கா, பூங்காவிலிருந்து கதிர்போலப் பிரியும் சாலைகள். திட்டம் போட்டுக் கட்டிய ஊர் என்பது பார்த்தாலே தெரியும். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமோ பழைய கிராமம். வளைந்த சந்து, குளம், கோயில், மாட்டுக் கொட்டகை. ஒரே பெயர் கொண்ட ஊரின் கிழக்குப் பாதி இப்படிப் புதுப் பெயரோடு பிரிந்து போய்விட்டது. பழைய பெயரில் மிஞ்சியது மேற்கு மாம்பலமும் இந்த ஸ்டேஷனும்.

மனைகளில் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தபோதே அடுத்த பெரிய விஷயம் நடந்தது. பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை, சுமார் 29 கிலோமீட்டர், மின்சார ரயில். 1931 ஏப்ரலில் கவர்னர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி தொடங்கி வைத்தார். மே 11 முதல் பொதுமக்கள் பயணம் செய்தார்கள். பம்பாயில் 1925-லேயே மின்சார வண்டி ஓடத் தொடங்கிவிட்டது, ஆனால் அது அகலப் பாதை. மீட்டர் கேஜில் மின்சாரத்தில் ஓடிய முதல் ரயில் இந்தியாவில் எங்களுடையதுதான். முதலில் 1,500 வோல்ட் நேர்மின்சாரம், 1960களில் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறியது.

'எலக்ட்ரிக் ட்ரெயின்' என்ற சொல் இன்னும் சென்னைக்காரர்கள் வாயில் இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். இப்போது கன்னியாகுமரிக்குப் போகும் வண்டிகூட மின்சாரத்தில்தான் போகிறது. ஆனால் அதை யாரும் எலக்ட்ரிக் ட்ரெயின் என்று சொல்வதில்லை. கரிப்புகை விட்டுக்கொண்டு போன வண்டிகளுக்கு நடுவே புகையில்லாமல் ஒன்று ஓடியபோது வைத்த பெயர், அப்படியே தங்கிவிட்டது.

அப்பா பாரிமுனையில் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தார். எட்டு பதினேழு வண்டி. பீச்சிலிருந்து எண்ணினால் மாம்பலம் எட்டாவது ஸ்டேஷன்: பீச், கோட்டை, பூங்கா, எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வந்தது இந்தப் பெயர்ப் பலகைகளில்தான். அப்பாவின் சீசன் டிக்கெட் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், சட்டைப் பையில், கண்ணாடிக் கூட்டுக்குப் பின்னால் இருக்கும். வீட்டில் சுவர்க் கடிகாரம் நின்றுபோனால் சரி செய்ய யாரும் அவசரப்பட மாட்டார்கள். எட்டு பதினேழு போகிற சத்தம் கேட்டதும் அம்மா எங்களைக் குளிக்கத் துரத்துவார்.

நான் வங்கியில் வேலைக்குச் சேர்ந்தது 1989-ல். கிளை பீச் ஸ்டேஷனுக்கு எதிரே நடக்கிற தூரத்தில். அப்பா ஓய்வு பெற்ற வருஷமே அவர் வண்டியில் நான் ஏறினேன். முதல் நாள் அவர் ஸ்டேஷன் வரைக்கும் வந்து, லேடீஸ் கம்பார்ட்மென்ட் பிளாட்பாரத்தில் எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று காட்டிவிட்டுப் போனார். ஒரு சிமென்ட் தூணுக்கு நேராக. அதற்கப்புறம் அந்தத் தூணோரம் நின்ற பெண்களை எனக்கு இருபது வருஷம் பழக்கம். பெயர்கூடத் தெரியாமல் பழகியவர்களும் உண்டு. தாம்பரத்தில் ஏறி வந்த ஒரு டெலிபோன்ஸ் அக்கா, நின்றுகொண்டே வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த எனக்கு மூன்று மாதம் உட்கார இடம் பிடித்துக் கொடுத்தார். "நீ படி, நான் எழும்பூர்ல எழுந்துக்கறேன்" என்பார். எழும்பூரில் அவருக்கு இறங்க வேண்டிய வேலையே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவரும் கோட்டை வரைக்கும் வருகிறவர்தான்.

மீட்டர் கேஜ் பெட்டிகள் அகலம் குறைந்தவை. எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். 1990களின் கடைசியில் அகலப் பாதை வந்தபோது சில வருஷம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. பெரிய வண்டி வந்து நின்றால் ஜனங்கள் ஒரு கணம் தயங்குவார்கள். அகலமான பெட்டி, உயரமான படி. பெரியவர்கள் பழைய வண்டிக்காகவே காத்திருந்து போவதையும் பார்த்திருக்கிறேன். கடைசி மீட்டர் கேஜ் மின்சார வண்டி எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் இடையே 2004 ஜூலை முதல் தேதி ஓடியது. 73 வருஷம். மறுநாள் வழக்கம்போல அலுவலகம் போனேன். பிளாட்பாரத்தில் அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எனக்கு அது இன்றைக்கும் குறையாக இருக்கிறது. அப்பாவை அந்தக் கடைசி வண்டியில் ஒரு ஸ்டேஷனாவது கூட்டிப் போயிருக்க வேண்டும். அவருக்கு அப்போது நடமாட்டம் இருந்தது. எனக்கு மார்ச் கணக்கு முடித்த களைப்பு, ஜூன் காலாண்டு என்று ஏதோ ஒன்று. விட்டுவிட்டேன்.

அகலப் பாதை வந்ததில் கிடைத்த நன்மையைச் சொல்லாமல் விட முடியாது. ஒன்பது பெட்டி, அப்புறம் பன்னிரண்டு பெட்டி. நெரிசல் இருந்தாலும் மூச்சுவிட முடிந்தது. புறநகர் வண்டிகளுக்குத் தனிப் பாதை, விரைவு வண்டிகளுக்குத் தனிப் பாதை என்று ஆனது. தெற்கிலிருந்து ராத்திரி முழுக்க ஓடிவரும் வண்டிகள் பலவும் எழும்பூருக்கு முன்னால் மாம்பலத்தில் ஒரு நிமிஷம் நின்று போகின்றன. அந்த ஒரு நிமிஷத்துக்குள் எங்கள் அத்தை குடும்பம் மூன்று மூட்டை, ஒரு பலாப்பழம், இரண்டு குழந்தைகளோடு இறங்கியது எங்கள் வீட்டுச் சரித்திரத்தில் ஒரு முக்கிய நிகழ்ச்சி. விடியற்காலை நாலரை மணிக்கு அந்தப் பிளாட்பாரத்தில் நின்றால் திருநெல்வேலித் தமிழும் மதுரைத் தமிழும் தஞ்சாவூர்த் தமிழும் சேர்ந்து காதில் விழும். பாதிப் பேர் கடைச் சிப்பந்திகள். ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் துணி மடித்து, பாத்திரம் எடுத்துக் காட்டி, நாள் முழுக்க நிற்கிற பிள்ளைகள். ஊருக்குப் போய்த் திரும்பி, வண்டி விட்டு இறங்கி, குளித்துவிட்டு நேராகக் கடைக்குப் போவார்கள்.

ரங்கநாதன் தெரு என்றால் இன்றைக்குக் கடல்போலக் கூட்டம்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். நான் பள்ளிக்குப் போன 70களில் அங்கே திண்ணை வைத்த வீடுகள் மிச்சம் இருந்தன. ஒரு வீட்டு வாசலில் பவழமல்லி மரம் இருந்தது. அதன் பூ மிதிபடாமல் ஓரமாக நடப்போம். ஸ்டேஷன் வாயில் ஓரம் காய்கறிக் கூறு போட்டு விற்பவர்கள், மண்ணெண்ணெய் விளக்கோடு சாயங்காலக் கடை. பாத்திரக் கடைகள் ஒவ்வொன்றாக வந்தன, பிறகு துணிக்கடைகள், பிறகு எல்லாம் விற்கும் பல மாடிக் கடைகள். புறநகர் வண்டியில் வந்து இறங்கி, இருபது அடி நடந்தால் கடை. பஸ் மாற வேண்டாம், ஆட்டோ வேண்டாம். செங்கல்பட்டிலிருந்தும் கூடுவாஞ்சேரியிலிருந்தும் ஒரு குடும்பம் முழுக்கச் சில ரூபாய் டிக்கெட்டில் வந்து, தீபாவளித் துணி எடுத்து, ராத்திரி வீடு திரும்ப முடிந்தது. இத்தனை குறுகலான தெருவில் இவ்வளவு பெரிய வியாபாரம் வளர்ந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கடைக்காரர்களின் உழைப்பு பாதி, இந்த ஸ்டேஷன் வாயில் பாதி.

இங்கேதான் என் மனதில் ரொம்ப நாளாக இருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். மாம்பலத்துக்கு வந்த ஒவ்வொரு புதுத் தொடர்பும் தூரத்தில் இருப்பவர்களைப் பக்கத்தில் கொண்டுவந்தது. நல்லது, வேண்டியதுதான். ஆனால் பக்கத்திலேயே இருக்கிற எங்களுக்கு, தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டுவது மட்டும் சுலபமானதே இல்லை. ஒரு பாதை இரண்டாகி, நாலானது. நடுவில் இருக்கும் தூரம் அகலமானது. வண்டிகள் அதிகமாயின. பாலத்தில் ஏறினால் எதிரே வரும் ரயில் கூட்டத்தில் நீந்த வேண்டும். கீழே போவதென்றால் துரைசாமி சப்வே, இல்லையென்றால் தெற்கே அரங்கநாதன் சப்வே. இரண்டும் நல்ல மழையில் நிறைந்துவிடும்.

நிறையாமல் எப்படி இருக்கும்? அது ஏரிக்கரை. மேற்கிலிருந்து வழிந்துவரும் தண்ணீர் காலங்காலமாகப் போய்ச் சேர்ந்த இடம் அது. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். 2021-ல் மூன்று நாள் வீட்டை விட்டு இறங்க முடியவில்லை. சப்வே மூடிக் கிடந்தது. அப்போதும் உயரத்தில் இருந்தது ஸ்டேஷன் பாலம் ஒன்றுதான். பால் வாங்கப் பாலம் ஏறி அந்தப் பக்கம் போனால், அங்கேயும் தண்ணீர். பாலத்தின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தபோது, லாங் டேங்க் என்று படித்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

பாலத்தில் எனக்கு இன்னொரு பழைய கசப்பும் உண்டு. பள்ளி நாட்களில் ஒரு முறை, அந்தப் பக்கம் இறங்கும்போது டிக்கெட் இல்லை என்று என்னை நிறுத்தி வைத்துவிட்டார் ஒருவர். நான் ரயிலில் வரவில்லை, பள்ளிக்குப் போகிறேன் என்று சொல்லியும் கேட்கவில்லை. சீருடை, முதுகில் பை, எட்டரை மணி. அரை மணி நேரம் நின்றேன். கடைசியில் எங்கள் தெருவிலிருந்து தினம் பாலம் தாண்டும் பூக்காரம்மா வந்து, "அது நம்ம மாம்பலம் பொண்ணு சார், தினம் போகுது" என்று சொல்லி அழைத்துப் போனார். பள்ளியில் தாமதத்துக்கு முட்டி போட்டேன். வலி மறந்துவிட்டது. ஆனால் நம் ஊரின் ஒரு பாதியிலிருந்து இன்னொரு பாதிக்குப் போவதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது மறக்கவில்லை.

2020 மார்ச்சில் வண்டிகள் நின்றன. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் திடீரென்று இல்லாமல் போனது. முதல் வாரம் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். முதலில் அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும் ஓடி, அந்த வருஷக் கடைசியில் கூட்டமில்லாத நேரத்தில் எல்லாப் பெண்களையும் ஏற்றினார்கள். நான் அந்த வாரமே போனேன். வேலை ஒன்றும் இல்லை. மாம்பலத்தில் ஏறி, கோட்டை வரை போய், அடுத்த தாம்பரம் வண்டியில் திரும்பி வந்தேன். பெட்டியில் ஏழு பேர். தூணோரம் யாரும் இல்லை.

என் மகள் தரமணியில் வேலை பார்க்கிறாள். மாம்பலத்திலிருந்து பூங்கா, அங்கே இறங்கி பூங்கா நகர் வரை நடந்து, வேளச்சேரி போகும் பறக்கும் ரயில். அதுதான் அவள் வழி. 2023 ஆகஸ்டில் பீச்சுக்கும் எழும்பூருக்கும் இடையே நாலாவது பாதை போடுவதற்காகப் பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். அது மறுபடி பீச் வரை ஓட 2024 அக்டோபர் கடைசி ஆனது. பதினாலு மாதம். கிண்டியில் இறங்கிப் பஸ், சைதாப்பேட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோ என்று அவள் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பூங்காவுக்கும் பூங்கா நகருக்கும் இடையே அந்தச் சின்ன நடை போனதும், மாம்பலத்துக்கும் தரமணிக்கும் இருந்த தூரமே மாறிப்போனது. மெட்ரோவும் எங்களைச் சுற்றித்தான் போகிறது. 2015-ல் வந்த அசோக் நகர் மேற்கே, நந்தனம் கிழக்கே. பனகல் பூங்காவுக்குக் கீழேயும் அதற்காகத் தோண்டினார்கள். மாம்பலம் ஸ்டேஷனுக்குள் மெட்ரோ கிடையாது. ஏ.சி. எலக்ட்ரிக் ட்ரெயின் 2025 ஏப்ரலில் இந்தப் பாதையில் ஓடத் தொடங்கியது. மகள் முதல் வாரமே ஏறினாள். கதவு தானாக மூடியதும் வெளிச்சத்தம் ஒன்றும் கேட்கவில்லை என்று வந்து சொன்னாள். எனக்கு அது பிடிக்குமா என்று தெரியவில்லை, இன்னும் போகவில்லை.

ஆகாய நடைபாதை திறந்தது 2023 மே மாதம். ஸ்டேஷன் நடைமேம்பாலத்திலிருந்து தி. நகர் பஸ் நிலையம் வரை 570 மீட்டர். செலவு 28 கோடி ரூபாய்க்கு மேல். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இறங்காமல், தலைக்கு மேலேயே நடந்து பஸ்ஸுக்குப் போய்விடலாம். லிஃப்ட் இருக்கிறது, நகரும் படி இருக்கிறது, மேலே கூரை இருக்கிறது. கட்டும்போது இதெல்லாம் எதற்கு என்று எங்கள் தெருவில் பேசாதவர் இல்லை. திறந்த பிறகு பேசியவர்கள் எல்லாரும் அதில்தான் நடக்கிறார்கள். நானும்தான்.

அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. முழங்கால் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. எங்கள் பக்கத்துப் படிகளில் ஏற முடியாது என்று ஆன நாளிலிருந்து அவர் அந்தப் பக்கம் போகவில்லை. வீட்டிலிருந்து நடந்தால் ஸ்டேஷன் ஏழு நிமிஷம். நாளைக்கு இரண்டு தரம் தாண்டிய பாலத்தை, பத்து வருஷம் சத்தமாக மட்டுமே வைத்திருந்தார். போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடைகள் திறப்பதற்கு முன்பு, ஆட்டோ வைத்து, துரைசாமி சப்வே வழியாகச் சுற்றி, அந்தப் பக்கம் இறக்கி, லிஃப்டில் ஏற்றி அந்த நடைபாதைக்குக் கூட்டிப் போனேன். ஒரு மடக்கு நாற்காலியையும் எடுத்துப் போயிருந்தேன்.

மெதுவாக நடந்து, தண்டவாளம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தேன். ஒரு தாம்பரம் வண்டி வந்தது. அம்மா பெட்டிகளை எண்ணினார். "பன்னெண்டா? அப்பா காலத்துல இத்தனை இல்லையே" என்றார். அப்புறம் ஒரு பீச் வண்டி. மணி என்ன என்று கேட்டார். எட்டு இருபது என்றேன். "மூணு நிமிஷம் லேட்" என்றார். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு என்று நான் சொல்லவில்லை.

பிறகு மேற்கே பார்த்தார். புதுக் கட்டிடங்கள், தண்ணீர்த் தொட்டிகள், கேபிள் கம்பிகள். கொஞ்ச நேரம் தேடிவிட்டுக் கையை நீட்டி, "அந்தப் பக்கம்தானே நம்ம வீடு?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். திரும்பும்போது சப்வேயில் நெரிசல். ஆட்டோ பத்து நிமிஷம் நின்றது. தலைக்கு மேலே ஒரு வண்டி போனது. அம்மா கூரையைப் பார்த்து, அது எந்தப் பக்கம் போகிறது என்று சத்தத்தை வைத்துச் சொன்னார்.